பகல் தூக்கம்

கண் விழித்தபோது மணி மூன்று நாற்பது. ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று படுத்தது ஒன்றரைக்கு.

கீழே பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அதில் எனக்கு எதுவும் தவறாகப் படவில்லை. பூச்சி சத்தம் போடும் பிள்ளை இல்லை. அவள் என் அக்காவின் மகள், ஐந்து வயது. எப்போது பார்த்தாலும் என் அம்மாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டே திரிந்ததால் அம்மா வைத்த பெயர் அது.

முன்னறைக்கு வந்தேன். தட்டில் பாதிச் சாப்பாடு காய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடப் பை நாற்காலியில். செருப்பு வாசலில். பூச்சி இல்லை.

"பூச்சி" என்றேன்.

குளியலறை. சமையலறை. கட்டிலுக்கு அடியில். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். துவைக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தேன். உள்ளே என் சட்டைகள் மட்டும். மூன்றாவது முறை கூப்பிட்டபோது என் குரல் மாறியிருந்தது எனக்கே கேட்டது.

அம்மா செத்து இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. அவள் இருந்தவரை பூச்சி அவள் பொறுப்பு. அக்கா காலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவாள். அவள் கணவருக்கு வெளியூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டபோது ஆறு மாதத்துக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு சேர்ந்த வேலை. ஏழு வருடம் ஓடிவிட்டது. பகலில் தூங்குவேன். பகலில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அக்காவின் விடுப்பு முடிந்து அன்றுதான் முதல் நாள். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"பன்னிரண்டரைக்கு வேன் வரும். கீழ போய் நீதான் இறக்கணும். அவளா ஏறி வரட்டும்னு மேல நின்னு வேடிக்கை பாக்காதே."

"சரி."

"சாப்பிட வச்சிட்டு அவகூடவே உக்காந்திரு. தூங்கிடாதே."

"சரின்னு சொன்னேன்ல."

"நீ சரின்னு சொல்றதுதான்டா எனக்கு பயமே. முடியலைன்னா இப்பவே சொல்லிடு, நான் வேலையை விட்டுடறேன். வாய் வார்த்தைக்குச் சொல்லல."

வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லைதான். அந்த வேலைக்காக நாலு வருடம் படித்தவள் அவள். "ஒரு பிள்ளையைப் பாத்துக்கக்கூடவா எனக்குத் துப்பில்ல?" என்று கேட்டேன். படியில் இறங்கிப் போனாள்.

இன்னும் ஒன்றேகால் மணி நேரத்தில் அதே படியில் ஏறி வருவாள்.

மொட்டைமாடிக்கு ஓடினேன். கதவு திறந்தே இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் சீருடையைக் காயப்போட்டுவிட்டுத் தாழ்ப்பாள் போடாமல் இறங்கியவன் நான்தான். தண்ணீர்த் தொட்டியின் மூடியில் பூட்டு தொங்கியது. பிடித்து இழுத்துப் பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பார்த்தேன். பின்பக்கச் சந்தில் ஒரு பூனை மட்டும் என்னை அண்ணாந்து பார்த்தது. மூலையில் தகரக் கூரை போட்ட சாமான் அறை இருக்கிறது. அதற்குள் தலையை நீட்டினேன். அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அனல் அடித்தது. உடைந்த மின்விசிறி, வாளிகள், அட்டைப்பெட்டிகள், சுருட்டிக் கட்டிய மெத்தை. "பூச்சி! மாமா கூப்பிடறேன்ல, வெளியே வா!" என்று கத்தினேன். ஒன்றும் இல்லை. இறங்கினேன்.

முதல் தளத்தில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். வீட்டிலேயே துணி தைப்பவர். அந்தக் கட்டடத்தில் இருந்த ஏழு வருடத்தில் நான் அவரிடம் ஏழு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கதவைத் தட்டாமல் உள்ளே போய் நின்றேன்.

"பூச்சி இங்க வந்தாளா?"

தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "வரலையே. எப்பலேர்ந்து காணோம்?"

"தெரியல. நான் தூங்கிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

தெருவில் இறங்கினோம். எதிர்க் கடைக்காரர், பழைய சாமான் வாங்கும் வண்டிக்காரர், பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்று ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் போய்ப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வண்டிக்காரர் தன் ஒலிபெருக்கியிலேயே கூப்பிட்டார். ஒரு ஆள் என்னிடம் வந்து, "என்ன கலர் சட்டை?" என்று கேட்டார். பள்ளிக்கூடச் சட்டையை மாற்றினாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நடந்தார்.

தெருமுனையில் சாக்கடைக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஒரு கயிறு மட்டும். பிள்ளை குனிந்தால் போதும், கயிற்றுக்கு அந்தப் பக்கம். அடியில் கறுப்புத் தண்ணீர். எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் குதித்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துழாவினேன். ஒரு செங்கல். ஒரு சாக்கு. சாக்குக்குள் மெத்தென்று ஏதோ இருந்தது. அதை வெளியே இழுத்து, வாயைப் பிரித்து, உள்ளே இருந்தது நனைந்த சிமெண்ட் காகிதம் என்று தெரிகிறவரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. குழியின் இரண்டு முனைக்கும் நடந்து துழாவிவிட்டு ஏறினேன். மணி நாலு பத்து.

கரையில் தையல்காரம்மா நின்றிருந்தார்.

"தம்பி, நில்லு. நீ மதியம் படுத்தியா?"

"படுத்தேன்னு சொன்னேனே. எத்தனை தடவைதான் சொல்றது?"

"குத்திக் காட்டறதுக்குக் கேக்கல. நீ படுத்தப்புறம்தானே காணோம்?"

"ஆமா."

"அப்ப அவ தெருவுக்கே வந்திருக்க மாட்டா. மேலதான் எங்கயோ இருக்கா. ஆட்டம் ஆடறா."

"என்ன ஆட்டம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன ஆட்டமா? உங்க வீட்டுல ரெண்டு வருஷமா தினம் நடந்த ஆட்டம்."

எனக்குத் தெரியாது. திரும்பி நடந்துகொண்டே சொன்னார். நான் தூங்கினால் ஆட்டம் ஆரம்பம். பூச்சி எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும். அம்மா தேடுவாள். இருவருமே சத்தம் போடக் கூடாது. நடுவில் அம்மா மெல்லிய குரலில் கூப்பிட்டும் பார்ப்பாள். அது ஏமாற்று வேலை. யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தோல்வி. கண்டுபிடித்துக் கையால் தொட்டால்தான் ஆட்டம் முடியும். தொட்டதும் இரண்டு பேரும் படியில் பூனை மாதிரி இறங்கி முதல் தளத்துக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பார்களாம்.

"அம்மாவா? சிரிப்பாங்களா?"

"நல்லா கேட்டே. உங்கம்மா சிரிச்சா எனக்குத் தையல் கோணிடும். மேல உங்க பையன் தூங்கறான், கொஞ்சம் மெதுவா சிரிங்கன்னு நான்தான் அவங்க வாயைப் பொத்துவேன்."

எனக்குத் தெரிந்த அம்மா அப்படி இல்லை. எனக்குத் தெரிந்தவள் நுனிக்காலில் நடப்பாள். தண்ணீரைச் சொம்பின் விளிம்பிலேயே வழியவிட்டு ஓசையில்லாமல் ஊற்றுவாள். அவள் போன பிறகு நாற்காலியை நகர்த்தும்போதுதான் பார்த்தேன், நாலு காலுக்கும் என் பழைய சாக்ஸை மாட்டி நூலால் கட்டியிருந்தாள். கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றியிருந்தது. அவள் சுபாவமே அமைதி என்று நினைத்திருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "அம்மா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாங்க" என்றுகூடச் சொன்னேன். அப்போது இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இப்போதுதான் உறைத்தது.

"எப்ப ஆரம்பிச்சது இது?"

"நீ தட்டை விட்டெறிஞ்சியே, அதுக்கு மறுநாள்."

அது எனக்கு நினைவிருந்தது. பூச்சிக்கு அப்போது மூன்று வயது. கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அறையிலிருந்து வந்து தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை. போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

"அப்ப நாம இத்தனை பேர் கத்திக்கிட்டிருக்கிறது..."

"அவளுக்கு எல்லாமே ஏமாத்துதான். அதோட உன் குரலும் கேக்குது. நீ கோவமா எழுந்துட்டேன்னுதான் நினைப்பா. நீ கத்தக் கத்த இன்னும் உள்ள போவா."

"ரெண்டரை மணி நேரமா ஒருத்தி ஒளிஞ்சிருப்பா?"

தையல்காரம்மா நின்றார். அதுவரை யோசிக்காமல் பேசிக்கொண்டிருந்தவர் யோசித்தார்.

"இருக்க மாட்டா" என்றார். "அரை மணிக்கு மேல தாங்க மாட்டா. நேரா என்கிட்ட வந்துடுவா."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வெளியே வர முடிகிற இடத்தில் அவள் இருந்திருந்தால் எப்போதோ வந்திருப்பாள். எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறாள். அப்படி மாட்டிக்கொண்டும் கூப்பிடாமல் இருக்கிறாள்.

படியில் ஏறப் போனவனைத் தையல்காரம்மா சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"திரும்பவும் போய்ப் பீரோவைத் திறந்து மூடப் போறியா? கண்ணால பாத்தது போதும். காதால தேடு. எவ்வளவுதான் அடக்கினாலும் அஞ்சு வயசுப் பிள்ளைக்கு மூச்சு கேக்காமயா போயிடும்? முதல்ல இந்தச் சத்தத்தை எல்லாம் நிறுத்து."

தரைத்தளத்துப் பட்டறையில் ஒரு பெரிய கேட்டுக்குக் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்கிறவர். தெருவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. முன்னால் போய் நின்று கையை ஆட்டினேன்.

"அண்ணே, மெஷினை நிறுத்துங்க. பூச்சியைக் காணோம். எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கா. சத்தம் இல்லாம இருந்தாத்தான் கேக்கும்."

உடனே நிறுத்தினார். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உங்கம்மா இதே மெஷினை நிறுத்தறதுக்கு மூணு நாள் அந்த ஸ்டூல்ல வந்து உக்காந்திருந்தாங்க. கத்தல, கெஞ்சல. சும்மா உக்காந்திருந்தாங்க. நாலாம் நாள் நானே, தாயே பத்துலேர்ந்து மூணு வரைக்கும் ஓட்டலைன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அன்னிலேர்ந்து அந்த நேரத்துல பெயிண்ட் அடிக்கிற வேலைதான்."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. இப்ப கேக்க ஆள் இல்லையேன்னு போன வாரம் பழையபடி ஓட்ட ஆரம்பிச்சிட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

போன வாரம்தான் நானும் வேலைக்குத் திரும்பினேன். ஆறு நாளாகப் பகலில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. துக்கத்தில் தூங்கவில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தெருவை நிறுத்துவது பட்டறையை நிறுத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல எண்ணத்தோடு கத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஓடி, கத்தாதீர்கள் என்று கேட்டேன். வண்டிக்காரருக்கு என்மேல் கோபம். "பிள்ளையைத் தொலைச்சவனே வாயை மூடுங்கறான், பாரு" என்றார். ஒலிபெருக்கியை அணைத்தார். எதிர் வீட்டில் டிவி ஓடியது. கதவைத் தட்டினேன். ஒரு வயதானவர் திறந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஓ, நீதானா அந்தத் தூங்கற பையன்?" என்றார். உள்ளே திரும்பி, "டிவியை அணை, மேல்வீட்டம்மா பையன் வந்திருக்கான்" என்றார். நான் இன்னும் எதுவும் கேட்கவே இல்லை.

அடுத்த வீட்டில் மிக்ஸி. அதற்கடுத்த வீட்டில் தண்ணீர் மோட்டார். அங்கேயும் யாரும் காரணம் கேட்கவில்லை. அம்மா எத்தனை தடவை இந்தக் கதவுகளைத் தட்டியிருப்பாள் என்று அப்போது கணக்குப் போடத் தெம்பில்லை. மணி நாலு இருபத்தைந்து.

திரும்பி வந்தேன். மாடிப்படி தொடங்கும் இடத்தில் பட்டறைக்காரர் நின்றார். முதல் தளத்தில் தையல்காரம்மா. நான் எங்கள் வீட்டுக்குள் போய் மின்விசிறியை நிறுத்தினேன். குளிர்ப்பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். நடுவில் நின்றேன்.

அந்த மாதிரி ஓர் அமைதியை நான் விழித்திருந்து கேட்டதே இல்லை. என் காதுக்குள் என் ரத்தம் ஓடியது கேட்டது. எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது. ஓடு, தேடு, கத்து என்று உடம்பில் ஒவ்வொரு நரம்பும் சொன்னது. நின்றேன். அப்படி நிற்பதுதான் நான் அதுவரை செய்ததிலேயே கஷ்டமான வேலை. அடுப்பு வரிசையில் எட்டு மணி நேரம் நிற்பதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. ஒன்றும் இல்லை.

செருப்பில்லாமல் படியில் மேலே ஏறினேன். மாடிக் கதவருகில் நின்றேன். தரை காலைச் சுட்டது. நகரவில்லை.

அப்போது கேட்டது. மிகச் சின்னதாக, யாரோ ஒரு பொத்தானை அமுக்கி விட்டது போல. ஒருமுறைதான். கற்பனையோ என்று நினைத்தேன். பத்து எண்ணினேன். மறுபடியும். அது ஒரு விக்கல்.

சாமான் அறையிலிருந்து வந்தது.

உள்ளே போனேன். தகரம் நாள் முழுக்க வாங்கிய வெயிலை எல்லாம் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டிகளைத் தள்ளவில்லை. தள்ளினால் சத்தம் வரும், அடுத்த விக்கல் கேட்காது. நின்றேன். விக்கல் வந்தது. இடது பக்கம், கீழே. அங்கே இருந்தது அம்மாவின் மெத்தை. போன வாரம் அக்கா அதைச் சுருட்டி இரண்டு இடத்தில் கயிறு கட்டி இங்கே கொண்டுவந்து கிடத்தியிருந்தாள். சுருளின் ஒரு முனை சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. மறு முனையில் நடுவில் ஒரு துவாரம். நான் தலையை நீட்டிக் கத்தியபோது அது என் கண்முன்னால்தான் கிடந்தது. அதற்குள் ஒரு பிள்ளை நுழைய முடியும் என்று யார் நினைப்பார்கள்.

குனிந்து பார்த்தேன். இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன.

தலைப்பக்கமாக நுழைந்திருக்கிறாள். கை இரண்டும் உடம்போடு ஒட்டிச் சிக்கிக்கொண்டது. முன்னால் சுவர். பின்னால் வரத் தெரியவில்லை. காலைப் பிடித்து இழுத்தால் தோள் இன்னும் இறுகும் என்று தோன்றியது. பாதத்தை மட்டும் கையால் தொட்டேன். கொதித்தது. தொட்டதும் விரல்கள் மடங்கின.

"அண்ணே, கத்தி!" என்று கத்தினேன்.

பட்டறைக்காரர் படியில் வந்த சத்தம் இடி மாதிரி இருந்தது. கயிற்றை அறுத்தார். நான் மெத்தையைப் பிரித்து உருட்டினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பூச்சி வந்து விழுந்தாள். முகம் சிவந்து வீங்கியிருந்தது. தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. மூக்கிலும் புருவத்திலும் பஞ்சு. கண் திறந்திருந்தது. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்திருந்தாள், ரத்தம் கட்டும் அளவுக்கு.

"பூச்சி."

உதட்டை விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். கண்ணால் என் முகத்தில் எதையோ தேடினாள். பிறகு, காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும் குரலில் சொன்னாள்:

"நான் சத்தமே போடல மாமா. விக்கல்தான் போட்டுது."

பட்டறைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

தையல்காரம்மா அவளைத் தன் வீட்டுத் தரையில் கிடத்தி, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்தார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியில் கொடுத்தார். பத்து நிமிடத்தில் முகத்தின் சிவப்பு இறங்கியது. தெருமுனை மருத்துவர் வந்து நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். பயமில்லை, நிறையத் தண்ணீர் கொடுங்கள், ராத்திரி ஒருமுறை ஜுரம் பாருங்கள் என்றார். போகும்போது என்னிடம், "இன்னும் அரை மணி ஆகியிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்" என்றார்.

மணி நாலு ஐம்பத்தைந்து.

"அக்காகிட்ட என்ன சொல்லப் போறே?" என்றார் பட்டறைக்காரர். "கேட்டா, வெயில்ல விளையாடினா, லேசா மயக்கம்னு சொல்லு. நாங்க யாரும் வாயைத் திறக்க மாட்டோம்."

தையல்காரம்மாவும் தலையாட்டினார். "அவ வேலையை விட்டுட்டா குடும்பம் என்ன ஆகும், யோசிச்சுப் பாரு. தெருவுல நான் சொல்லி வச்சிடறேன்."

செய்வார்கள். தெருவே வாயை மூடிக்கொண்டு இருக்கும். அதில் அவர்களுக்கு ஏழு வருடப் பழக்கம்.

பூச்சியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தேன். ஐந்து ஐந்துக்கு அக்கா வந்தாள். பிள்ளையின் ஈரத் தலையைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள். முழங்கால்வரை காய்ந்த சேறோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"என்னடா ஆச்சு?"

சொன்னேன். தூங்கியதிலிருந்து ஆரம்பித்து எதையும் விடாமல் சொன்னேன். தாழ்ப்பாள், குழி, மெத்தை, மருத்துவர் சொன்ன அரை மணி, எல்லாம். நடுவில் அவள் கைப்பை கீழே விழுந்தது. எடுக்கவில்லை. மெத்தையைச் சுருட்டிக் கட்டியது தன் கைதான் என்பது அவளுக்கு உறைத்த இடமும் எனக்குத் தெரிந்தது.

பிள்ளையை மடியில் இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அம்மா மட்டும் இருந்திருந்தா..."

"அம்மா இருந்ததாலதான்" என்றேன்.

"என்ன சொன்னே?"

"அம்மா இருந்ததாலதான் இது. சாகற நிலைமையிலயும் வாயைத் திறக்காத மாதிரி ஒரு பிள்ளையைப் பழக்கினது அம்மாதான். அன்னிக்குத் தட்டை எறிஞ்சப்ப என்னை ஒரு அறை விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். விடல. என்னைத் தவிர உலகத்தையே அடக்கினாங்க."

"யாருக்காகடா? சொல்லு, யாருக்காக? நீ எட்டு மணி நேரம் நெருப்புல நின்னுட்டு வர்றே, தூங்கலைன்னா மெஷின்ல கையை விட்டுடுவியோன்னு உனக்குத் தெரியாம எத்தனை நாள் அழுதிருக்காங்க தெரியுமா? அவங்களைப் போய்க் குத்தம் சொல்றியா?"

"குத்தம் சொல்லல. நடந்ததைச் சொல்றேன்."

"நடந்தது நீ தூங்கினது! நடந்தது அது ஒண்ணுதான்!"

"ஆமா! அதைத்தான் முதல்ல சொன்னேன்! என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? உனக்கும் தெரியும்தானே இந்த ஆட்டம்?"

அக்கா "தெரியும்" என்று கத்தினாள். "தெரியும்டா! நல்லதுதானேன்னு விட்டுட்டேன்! ஸ்கூல்ல டீச்சர் ரெண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னாங்க, பொண்ணு கிசுகிசுன்னுதான் பேசறா, பாத்ரூம் போகணும்னுகூடச் சொல்ல மாட்டேங்கறான்னு. வளர வளரச் சரியாயிடும்னு நினைச்சேன்! போதுமா?"

அந்த வீட்டுக்குள் அப்படிக் கத்தி எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. கீழே பட்டறையில் யாரோ எதையோ நகர்த்த ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திய ஓசை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். அக்கா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் சண்டை பாக்கி இருந்தது. நாளைக்கு யார் பிள்ளையோடு இருப்பது என்பதும் பாக்கி. அவள் போன வேலையும், நான் அன்றிரவு போகவேண்டிய வேலையும் பாக்கி.

பூச்சி அக்காவின் மடியிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கைகளைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. மேசைமேல் இருந்த மதியத் தட்டைப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது. அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து சட்டையின் நுனியைப் பிடித்து இழுப்பாள். எனக்குத் தெரிந்து அதுதான் அவள் கேட்கும் விதம். அம்மாவிடமும் அப்படித்தான்.

"மாமா" என்றாள், அறையின் அந்தப் பக்கத்திலிருந்து. குரல் உடைந்து கரகரத்தது. நடுவில் விக்கல் வேறு. "எனக்குத் தண்ணி."

அக்கா எழப் போனாள். பிறகு எழாமல் என்னைப் பார்த்தாள்.

சமையலறைக்குப் போய்ச் சொம்பை எடுத்தேன். கையில் வேகம் அதிகமாகிவிட்டது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்து, கழுவி, ஊற்றிக்கொண்டு போனேன்.